பத்து பத்து விமானத்தின் சத்தம்

ஆலங்கிணறு விமான நிலையத்துக்குக் காலை பத்து பத்துக்கு வரவேண்டிய விமானம் சரியான நேரத்துக்கு வந்துவிட்டது. அதன் சத்தம் மட்டும் வரவில்லை.

எந்த விமானமும் தன் சத்தத்தைக் கையோடு கூட்டிக்கொண்டு வருவதில்லை. சத்தம் கனமானது. விமானம் முன்னால் வந்து தரையில் சக்கரத்தை வைக்கும். சத்தம் அரை நிமிடம் பிந்தி, மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேரும். அதை எதிர்கொண்டு அழைத்து, ஓடுபாதை ஓரத்தில் இருக்கும் தகரக் கொட்டகைக்குள் விட்டுக் கதவைச் சாத்த வேண்டும். மாலை நான்கு பதினைந்துக்கு விமானம் திரும்பும்போது திறந்துவிட வேண்டும். சத்தம் வந்து சேரும்வரை விமானம் இறங்கியதாகக் கொள்ளக்கூடாது என்பது விதி.

ஆலங்கிணற்றில் இந்த வேலையைப் பார்த்து வந்தவள் தங்கபுஷ்பம். வயது ஐம்பத்திரண்டு. தற்காலிகப் பணியாள் என்ற பெயர் அவளுக்குப் பதினொரு வருடமாக நிரந்தரமாக இருந்தது. மழை பெய்தால் சத்தம் நனைந்துவிடுமே என்று கவலைப்படுவாள். வெயில் அடித்தால் தகரக் கொட்டகைக்குள் அதற்கு வேர்க்குமே என்று கவலைப்படுவாள். மழையும் வெயிலும் இல்லாத நாளில், இது என்ன இப்படி ஒரு நாள் என்று கவலைப்படுவாள்.

சத்தத்தை அழைப்பதற்கு ஒரு முறை உண்டு. கொட்டகை வாசலில் நின்று, இரண்டு கையையும் முன்னால் நீட்டி, “வாங்க, வாங்க” என்று சொல்ல வேண்டும். மரியாதை குறைந்தால் அது கோபித்துக்கொண்டு பக்கத்துச் செம்மணல் தேரிக்காட்டுக்குப் போய்விடும். மூன்று நாள் அங்கேயே உறுமிக்கொண்டு கிடக்கும். தங்கபுஷ்பம் ஒருநாளும் மரியாதை குறைத்ததில்லை.

அன்றைக்கும் அப்படித்தான் நின்றாள். பத்து மணியிலிருந்தே மனசு மட்டும் வீட்டு அடுப்படியில் இருந்தது. பால் காய்ச்சியது நினைவிருந்தது. கேஸ் அடுப்பை அணைத்தது நினைவில்லை. பக்கத்து வீட்டு ரோணிக்கத்திடம் ஒரு சாவி உண்டு. அவளுக்குப் போன் போட்டு, வீட்டைத் திறந்து பார்க்கச் சொன்னாள். அடுப்பு விஷயம் முடிவாகத் தெரிவதற்குள் விமானம் வந்துவிட்டது. “வாங்க, வாங்க” என்றாள். அரை நிமிடம் ஆயிற்று. ஒரு நிமிடம் ஆயிற்று. கொட்டகை காலியாகவே இருந்தது. போனும் செத்துப் போயிருந்தது. சார்ஜ் தீர்ந்திருக்கும் என்று அதை ஒயர் கூடையில் போட்டுவிட்டு, மேலாளர் அறைக்கு ஓடினாள்.

“சார், விமானம் வந்துட்டு. சத்தம் வரல.”

நிலைய மேலாளர் வைத்தியலிங்கம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். “எப்ப வரும்னு ஏதாவது சொல்லிவிட்டுதா?”

“ஒண்ணும் சொல்லல சார்.”

“அப்ப காணாமப் போச்சுன்னுதான் எழுதணும்” என்றார். சத்தத்தைத் தொலைத்த பணியாள், அந்த விமானம் திரும்பும் நேரத்தோடு வேலையிலிருந்து நின்றுவிட வேண்டும் என்று விதிப் புத்தகத்தின் ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது. அவர் அதைப் படித்துக் காட்டினார். படித்து முடித்ததும் வருத்தத்தோடு புத்தகத்தை மூடினார். “நாலே கால் வரைக்கும் நேரம் இருக்கும்மா. தேடிப் பாரு.”

விமானத்துக்குள் நாற்பத்தொரு பயணிகள் பெல்ட் போட்டபடி உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் இன்னும் பறந்துகொண்டிருந்தார்கள். கேப்டன் நசீமா அரைமணிக்கு ஒருதரம் ஒலிபெருக்கியில், “நாம் இப்போது பூஜ்ஜியம் அடி உயரத்தில் பறந்துகொண்டிருக்கிறோம், வானிலை நன்றாக இருக்கிறது” என்று அறிவித்தார். பணிப்பெண்கள் இரண்டாம் முறை தேநீர் கொடுத்தார்கள். பன்னிரண்டாம் வரிசையில் ஒருவருக்குத் தலை சுற்றியது. அவருக்கு உயரம் என்றால் ஆகாது.

நல்ல வேளையாக ஆறாம் வரிசையில் துப்பறிவாளர் அம்பலவாணர் இருந்தார். அக்கா வீட்டில் மதியச் சாப்பாட்டுக்கு வந்துகொண்டிருந்தவர். போன மாதம் ஒரு விமான நிலையத்தில் கிழக்குத் திசை காணாமல் போனபோது, அதை ஓர் ஐஸ் கம்பெனியின் பின்பக்கத்திலிருந்து மீட்டுக் கொடுத்தவர் அவர்தான். சத்தம் வரவில்லை என்று தெரிந்ததும் எழுந்து விமானி அறைக்குப் போனார். கேப்டன் நசீமா பக்கவாட்டில் இருந்த சிறிய சன்னல் கண்ணாடியைத் திறந்துவிட்டார். அம்பலவாணர் தலையை மட்டும் வெளியே நீட்டினார். பறக்கும்போது இறங்கக்கூடாது என்பதால் மீதி உடம்பு உள்ளேயே இருந்தது.

“சந்தேகப்பட வேண்டியவர்களை எல்லாம் ஓர் அறையில் கூட்டுங்கள்” என்றது தலை.

விமானத்தின் பக்கத்தில் அறை எதுவும் இல்லை. வைத்தியலிங்கம் சுண்ணாம்புக் கட்டி கொண்டுவந்து, அந்தக் கண்ணாடிக்கு நேர் கீழே தரையில் நான்கு கோடு போட்டு ஓர் அறை வரைந்தார். வாசலுக்கு இரண்டரை அடி இடம் விட்டார். தங்கபுஷ்பம் செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே போனாள். கேன்டீன் நடத்தும் சுடலைமணி யோசனையில்லாமல் சுவர் வழியாக வந்துவிட்டான்.

“தம்பி, வாசல் அங்கே இருக்கிறது” என்றார் அம்பலவாணர்.

சுடலைமணி வெளியே போய் வாசல் வழியாகத் திரும்பி வந்தான். அவனுக்குப் பின்னால் குருவி விரட்டும் பேச்சிமுத்து அண்ணாச்சி வந்தார். ஓடுபாதையில் பறவைகள் உட்காராமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. கடைசியாக வைத்தியலிங்கம் வந்து, நாற்காலி இல்லாததால் சுவரில் சாய்ந்து நின்றார்.

“ஒவ்வொருவருக்கும் சத்தம் எதற்குத் தேவைப்படும், அல்லது எதற்குத் தேவைப்படாது என்று சொல்லுங்கள்.”

பேச்சிமுத்து முதலில் பேசினார். “மறைக்கதுக்கு என்ன இருக்கு சார். எனக்குக் குடுத்துட்டு இருந்த வெடிய நிப்பாட்டிட்டாவ. வெறும் கையத் தட்டித்தான் விரட்டுதேன். கொக்கு என்னையப் பாத்து, ‘கச்சேரி ஆரம்பிச்சிட்டு’ன்னு வரிசையா வந்து உக்காருது. ஒரு விமானச் சத்தம் கெடச்சா நான் வேண்டாம்னு சொல்ல மாட்டேன்.”

“கையைத் தட்டுங்கள்.”

பேச்சிமுத்து தட்டினார். வெறும் கை தட்டிய சத்தம்தான் வந்தது. எங்கிருந்தோ இரண்டு கொக்குகள் வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தன. அம்பலவாணர் அவரை ஒதுக்கி வைத்தார்.

சுடலைமணிக்கு ஒரு மிக்சி இருந்தது. அது காலையிலிருந்து அதிகமாக இரைகிறது என்று பேச்சிமுத்து சொன்னார்.

“ஏன் அண்ணாச்சி, வடை திங்கும்போது மட்டும் என் மிக்சி நல்ல மிக்சி, என்ன?” என்றான் சுடலைமணி.

நீள வயர் இழுத்து மிக்சியை அறைக்குள் கொண்டுவந்து வைத்தார்கள். அம்பலவாணர் கண்ணை மூடிக் கேட்டார். “இது தேங்காயும் பொட்டுக்கடலையும். பச்சை மிளகாய் ஒன்று அதிகம். வேறு எதுவும் இல்லை” என்றார். சுடலைமணி சட்னியை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போனான்.

வைத்தியலிங்கத்துக்குத் தினமும் பத்தரை மணிக்கு மேஜையில் தலைவைத்து உறங்கும் பழக்கம். சத்தம் கொட்டகைக்குள் புரண்டு படுத்தால்கூட அவருக்கு முழிப்பு வந்துவிடும். சத்தம் இல்லாமல் போனால் அதிக லாபம் அவருக்குத்தான்.

“குறட்டை விடுவீர்களா?”

“வீட்டம்மா அப்படித்தான் சொல்லுதாங்க. நான் கேட்டதில்ல.”

அவரை அறையின் மூலையில் படுக்கச் சொன்னார்கள். இரண்டு நிமிடத்தில் உறங்கிவிட்டார். குறட்டை சாதாரண அளவில், ஆளுக்குத் தகுந்ததாக வந்தது. அவரும் குற்றமற்றவர் என்று தெரிந்தது. எழுப்ப மனம் வராமல் அப்படியே விட்டார்கள்.

மணி இரண்டே கால் ஆகியிருந்தது. தங்கபுஷ்பம் முந்தானை நுனியைத் திருகிக்கொண்டே நின்றாள். நான்கே காலுக்கு வேலை போய்விடும். நாளைக் காலையில் பத்து பத்துக்கு வேறு யாரோ வந்து கையை நீட்டுவார்கள். வாங்க என்பார்களோ, வா என்பார்களோ. அது தேரிக்காட்டுக்குப் போய்விட்டால் சாப்பாட்டுக்கு என்ன செய்யும். அதோடு அந்த அடுப்பு வேறு.

“சார், எனக்கு ஒரு போன் பேசணும். வீட்டுல அடுப்பு...”

“வழக்கு முடிந்த பிறகு பேசலாம் அம்மா” என்றார் அம்பலவாணர். பிறகு பேச்சிமுத்துவிடம் கேட்டார். “பத்து பத்துக்கு நீங்கள் எங்கே இருந்தீர்கள்?”

“மேக்குக் கோடியில சார். விமானம் எறங்குச்சு. பொறவு புல்லு படுத்துச்சு.”

“எந்தப் புல்?”

“அதான் சார், சத்தம் வரும்லா, அது நடந்து வாற வழியில புல்லு படுத்து எந்திரிக்கும். மேக்குக் கோடியில இருந்து நேரா யக்காவோட கொட்டகை வாசல் வரைக்கும் படுத்துச்சு. வாசல்ல நின்னுட்டு.”

“இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை?”

“நீங்க கையத் தட்டத்தான சார் சொன்னீய.”

அம்பலவாணர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு ஒரு வாய் தேநீர் குடித்துவிட்டு மறுபடி நீட்டினார். “தங்கபுஷ்பம் அம்மா, கொட்டகை வாசலுக்கு உள்பக்கம் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள்.”

தங்கபுஷ்பம் வாசல் வழியாக வெளியேறி, செருப்பை மாட்டிக்கொண்டு போய்ப் பார்த்தாள். வாசலுக்கு உள்ளே, இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக ஒரு சிலந்தி வலை கட்டியிருந்தது. நேற்று மாலை சத்தம் போன பிறகு கட்டியது. ஓர் இழைகூட அறுந்திருக்கவில்லை. திரும்பி வந்து, “ஒட்டடைதான் சார் இருக்கு. நேத்து அடிச்சேன். சத்தியமா அடிச்சேன்” என்றாள்.

“நல்லது. சத்தம் வாசல்வரை வந்திருக்கிறது. உள்ளே போகவில்லை. வாசலில் நீங்கள் நின்றிருக்கிறீர்கள். பத்து பத்துக்கு எப்படி நின்றீர்களோ, அப்படியே இப்போது நில்லுங்கள்.”

அவள் நின்றாள். இரண்டு கையையும் முன்னால் நீட்டினாள். “வாங்க, வாங்க” என்றாள். இடது கை விரிந்திருந்தது. வலது கை மட்டும் எதையோ பிடித்திருப்பதுபோல் மடங்கியிருந்தது.

எல்லோரும் அந்தக் கையைப் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள்.

“அந்தக் கையில் என்ன இருந்தது அம்மா?”

“போன் சார்.”

“பேசிக்கொண்டு இருந்தீர்களா?”

“ரோணிக்கம் அக்காகிட்ட. அடுப்பு எரியுதான்னு பாக்கச் சொன்னேன். அவ பாத்துட்டு, ‘எரியல, ஆனா உஸ்ஸுன்னு கேஸ் போகுதா இல்லியான்னு தெரியலயே, எனக்குத்தான் காது மந்தம்லா’ன்னா. அப்ப போனை அடுப்புகிட்ட வை, நான் கேக்கேன்னு சொன்னேன். அவ வச்சா. அந்நேரம்தான் விமானம் வந்துச்சு.” தங்கபுஷ்பம் மெதுவாகக் கையைக் கீழே இறக்கினாள். “பேச்சு கட் ஆகல சார். தொறந்துதான் இருந்துச்சு.”

“சத்தம் எங்கே போகும்?”

“எது மொதல்ல தொறந்திருக்கோ அதுக்குள்ள.”

“யார் அழைத்தது?”

“நான்தான் சார். ரெண்டு தடவை வாங்கன்னு சொன்னேன்.” அவள் சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்தாள். “அப்ப நான்தான் கள்ளியா சார்?”

“ஆமாம்” என்றார் அம்பலவாணர்.

“நானும் அக்கான்னுதான் நெனச்சேன்” என்றான் சுடலைமணி. “சொன்னா வருத்தப்படும்னு சொல்லல.”

அவளுடைய போனில் சார்ஜ் போட்டும் உயிர் வரவில்லை. பழைய போன்; அவ்வளவு பெரிய சத்தம் நுழைந்து போனதைத் தாங்கவில்லை. வைத்தியலிங்கத்தை எழுப்பி அவர் போனை வாங்கினார்கள். ரோணிக்கத்தின் எண் தங்கபுஷ்பத்துக்கு மனப்பாடம்.

“ஏளா, எத்தன தடவை உனக்கு அடிக்கது?” என்றாள் ரோணிக்கம். “நான் இன்னும் உன் வீட்டுலதான் இருக்கேன். விருந்தாளிய விட்டுட்டுப் போக முடியுமா?”

“யாருக்கா விருந்தாளி?”

“என்னையக் கேட்டா? பத்து மணிக்குப் போனுக்குள்ள இருந்து நீ வாங்க வாங்கன்னு கூப்பிடுத, விசுக்குனு ஒருத்தர் வந்து அரிசி டிரம்முக்குள்ள எறங்கிட்டாரு. எனக்கே காதுல கேக்குன்னா பாத்துக்கோ. அலமாரில தட்டு எல்லாம் ஆடுது. ஒறவுக்காரரான்னு கேட்டேன், பதில் இல்ல. காபி வேணுமான்னேன், அதுக்கும் ‘ம்ம்ம்ம்ம்’னுதான் சொல்லுதாரு. இப்படி ஒரு மனுசன் சொந்தத்துல இருக்காருன்னு நீ சொன்னதே இல்லியே.”

“அக்கா, அவரு ஆபீஸ் ஆளு. டிரம்மு மூடியத் தொறந்து, போனை அதுகிட்ட வைங்க. வாங்கன்னு மரியாதையாச் சொல்லுங்க.”

“அது சரி. அடுப்பு விசயம் வேண்டாமா உனக்கு?”

“உஸ்ஸுன்னு கேக்குதா?”

“இவரு சத்தத்துல உஸ்ஸும் கேக்கல, புஸ்ஸும் கேக்கல.”

“அடுப்புல உள்ள குமிழையாவது பாருங்கக்கா. எந்தப் பக்கம் நிக்குது?”

“எனக்கு எங்க தெரியும், எங்க வீட்டுல விறகு அடுப்புல்லா. நான் திருகப் போயி, அணஞ்சது எரிஞ்சுட்டா?”

தங்கபுஷ்பம் கொட்டகைக்கு ஓடினாள். ஒரு கையால் ஒட்டடையை வழித்துவிட்டு, மேலாளரின் போனை வாசலுக்குள் நீட்டினாள். கைகூப்ப முடியாததால் தலையைக் குனிந்தாள். “வாங்க, வாங்க” என்றாள். போன் சுட்டது, கனத்தது, பிறகு லேசாயிற்று. கொட்டகையின் தகரம் அதிர்ந்தது. ஒன்றிரண்டு அரிசி வெளியே தெறித்து விழுந்தது. உள்ளே சத்தம் புரண்டு படுத்துக்கொண்டது.

மணி மூன்று ஐம்பது. கேப்டன் நசீமா விமானம் பத்திரமாகத் தரையிறங்கியதை அறிவித்தார். பயணிகள் கைதட்டினார்கள். பன்னிரண்டாம் வரிசைக்காரர் முதலில் இறங்கித் தரையைத் தொட்டுக் கும்பிட்டார்.

அம்பலவாணரும் இறங்கினார். அக்கா வீட்டுச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டதால் திரும்பும் விமானத்திலேயே போய்விடலாம் என்று முடிவு செய்திருந்தார். அதற்கு முன் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. அறைக்குள் வந்து நின்றார்.

வைத்தியலிங்கம் ஒன்பதாம் பக்கத்தை விரித்துப் பிடித்தார். “கள்ளி யாருன்னு தெரிஞ்சிட்டு. தங்கபுஷ்பம் அம்மா வேலையை விட்டு நின்னுட வேண்டியதுதான?”

தங்கபுஷ்பம் கொட்டகைச் சாவியை இடுப்பிலிருந்து எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். “யாரு வந்தாலும் சாயங்காலம் கதவை மெதுவாத் தொறக்கச் சொல்லுங்க சார். திடீர்னு தொறந்தா அது பயந்துரும்” என்றாள்.

“தொலைத்தவர்தான் நிற்க வேண்டும்” என்றார் அம்பலவாணர். “இவர் தொலைக்கவில்லை. முறைப்படி அழைத்திருக்கிறார், அதுவும் முறைப்படி வந்திருக்கிறது. சேர்ந்த இடம்தான் வேறு. சத்தம் எங்கே சேர்கிறதோ அதுதான் இறங்கியதாகக் கொள்ள வேண்டும். ஆகவே இன்று காலை பத்து பத்துக்கு ஆலங்கிணற்றில் இறங்கியது இவருடைய வீடு.”

வைத்தியலிங்கம் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தார். அப்படித்தான் இருந்தது. “எறங்குன வீடு நிலையத்துக்கு வெளிய நிக்கக்கூடாதே சார்.”

“கூடாது. இங்கே வரச் சொல்லுங்கள்.”

“நாலே காலுக்கு விமானம் கிளம்புது. ஓடுபாதை ஒண்ணுதான். நாலரைக்கு வரலாம்.” வைத்தியலிங்கம் கணக்காகச் சொல்லிவிட்டு இன்னொரு பக்கத்தைத் திருப்பினார். “அப்போ இனிமே நமக்கு ரெண்டு சத்தம், விமானத்துக்கு ஒண்ணு, வீட்டுக்கு ஒண்ணு. ஒரு சத்தம்னா தற்காலிக ஆள் போதும். ரெண்டு இருந்தா நிரந்தர ஆள்தான் போடணும்.” பேனாவை எடுத்து, சுடலைமணி வடை மடித்துக் கொடுக்கும் தாளில் உத்தரவை எழுதிக் கொடுத்தார். “சாவிய இடுப்புல சொருகும்மா.”

தங்கபுஷ்பம் தாளை இரண்டு முறை படித்தாள். எண்ணெய் பட்டு எழுத்து அழிந்துவிடுமோ என்று தோன்றியது. மடித்து ஒயர் கூடையில் வைத்தாள். பிறகு கேப்டன் நசீமாவிடம் போனாள்.

“அம்மா, பறக்கும்போது அடுப்பு தொறந்திருந்தா தப்பா?”

“ரொம்பத் தப்பு” என்றார் கேப்டன்.

ரோணிக்கத்துக்கு மறுபடி போன் போட்டாள். “அக்கா, சன்னலைச் சாத்துங்க. முந்தானைய அடுப்படிக் கம்பியில நல்லா முடிஞ்சுக்கிட்டு உக்காருங்க. வீடு கிளம்புது.”

“எங்க?”

“என் ஆபீசுக்கு.”

“நல்லதாப் போச்சு. நான் இன்னும் விமானத்துல ஏறினதே இல்ல” என்றாள் ரோணிக்கம்.

நான்கு பதினைந்துக்கு விமானம் கிளம்பியது. தங்கபுஷ்பம் கதவை மெதுவாகத் திறந்தாள். சத்தம் சோம்பல் முறித்துக்கொண்டு வெளியே வந்து, விமானத்தின் பின்னாலேயே போயிற்று. கொட்டகை மூலையில் ஒரு கைப்பிடி அரிசி கிடந்தது. அதைக் கூட்டி எடுத்து வைத்தாள்.

நான்கரை மணிக்கு மேற்கே வீடு தெரிந்தது. பேச்சிமுத்து கையைத் தட்டி, ஓடுபாதையில் உட்கார்ந்திருந்த கொக்குகளிடம் ஒதுங்கும்படி கேட்டுக்கொண்டார். இரண்டு அறையும் ஓட்டுக்கூரையும் கொண்ட வீடு. கொடியில் காலையில் காயப்போட்ட துணிகள் பின்பக்கமாகப் பறந்துகொண்டிருந்தன. கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்து வந்தது. அந்தப் பக்கம்தான் பீரோ இருக்கிறது. ஓடுபாதையின் வெள்ளைக் கோட்டில் வந்து இறங்கி, வாசற்படி கொட்டகையைப் பார்த்திருக்கும்படி நின்றது. துளிச் சத்தம் இல்லை. சன்னலுக்குப் பின்னால் ரோணிக்கம் வாயை அசைத்து என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். எதுவும் கேட்கவில்லை.

அடுப்பு பத்தடி தூரத்தில் இருந்தது. ஆனால் சத்தம் வந்து சேரும்வரை வீடு இறங்கியதாகாது; கதவைத் திறக்க முடியாது. தங்கபுஷ்பம் ஒயர் கூடையைத் தூரத்தில் வைத்தாள். இரண்டு உள்ளங்கையையும் ஒருமுறை திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். கொட்டகை வாசலில் நின்று கையை நீட்டினாள்.

மேற்குக் கோடியில் புல் ஒடுக்கமான ஒரு பாதையாகப் படுத்தது. முதலில் குக்கரின் மூன்று விசில் வந்தது. அதன் பின்னால் பீரோக் கதவின் கீச்சொலி. அதற்கும் பின்னால், கொஞ்சம் பிந்தி, மூச்சு வாங்கிக்கொண்டு, அவளுடைய குரலே வந்தது. “அடுப்பை அணைச்சேனா? அடுப்பை அணைச்சேனா?” என்று கேட்டுக்கொண்டே வந்தது.

“வாங்க, வாங்க” என்றாள் தங்கபுஷ்பம்.

மூன்றும் வரிசையாக உள்ளே போயின. கதவைச் சாத்திப் பூட்டினாள். வைத்தியலிங்கம், நான்கு முப்பத்தாறுக்கு வீடு இறங்கியது என்றார். ரோணிக்கம் முந்தானையை அவிழ்த்துக்கொண்டு கதவைத் திறந்தாள்.

“சன்னலைச் சாத்தியும் கேஸ் வாடை வரல. அணைஞ்சுதாண்டி இருக்கு” என்றாள்.

கொட்டகைக்குள்ளிருந்து, “கதவைப் பூட்டினேனா?” என்று கேட்டது. பூட்டித்தான் இருந்தது. தங்கபுஷ்பம் உள்ளே போய் அடுப்பைப் பற்ற வைத்து, எல்லோருக்குமாகக் காபிக்குப் பால் வைத்தாள்.